ஆடிக்காற்றில் செஸ்னாவை இறக்குவது: என் கணக்கும் என் தப்பும்

உடுமலைப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் இந்த ஒரு சந்துதான். தென்மேற்குப் பருவக்காற்று அதில் புகுந்து நெருக்கியடித்துக்கொண்டு நம் பக்கம் வருகிறது. காற்றாலைக்காரர்களுக்கு அது அறுவடைக் காலம். செஸ்னா 172 என்கிற சின்ன விமானத்தில் தனியாக இறங்கப் போகிறவருக்கு வயிற்றைக் கலக்கும் காலம்.

இது லைசென்ஸ் வாங்கி, பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் இல்லாமல் பறக்க ஆரம்பித்தவர்களுக்காக எழுதுவது. ஐலரான் என்பது இறக்கையில் அசையும் மடல், ரடர் என்பது வாலில் அசையும் மடல், அதற்கு மேல் விளக்கப் போவதில்லை.

முதலில் கணக்கு

கோவை ஓடுபாதை 05/23, அதாவது ஒரு முனையிலிருந்து இறங்கினால் திசை சுமார் 50 டிகிரி, மறுமுனையிலிருந்து 230. மெட்டாரில் (விமான நிலைய வானிலை அறிக்கை) 26015ஜி27 என்று வந்திருக்கிறது என்று வையுங்கள்: 260 டிகிரியிலிருந்து 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்), திடீர் வீச்சு 27 நாட். 23 பக்கம் இறங்கினால் கோண வித்தியாசம் 30 டிகிரி. கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 15 என்றால் கால், 30 என்றால் அரை, 45 என்றால் முக்கால், 60-ஐத் தாண்டினால் முழுசு. அப்படியானால் குறுக்குக் காற்று அரைப் பங்கு.

எதில் அரை? 15-இல் பாதி ஏழரைதானே என்று கிளம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் போயிருக்கிறேன். 27-இல் பாதியைப் பாருங்கள், பதிமூன்றரை. சக்கரம் தொடும் அந்த இரண்டு விநாடியில் சராசரிக் காற்றுதான் வீசும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மெட்டார் காற்று உண்மை வடக்கை வைத்துச் சொல்வது, டவர் சொல்வது காந்த வடக்கை வைத்து. நம் ஊரில் வித்தியாசம் ஓரிரண்டு டிகிரிதான், விட்டுவிடலாம்.

இதற்கு ஃபோனில் ஆப் இருக்கிறது. எனக்குப் பிடிக்காது. காக்பிட் வெயிலில் ஃபோன் சூடாகி அணைந்துபோகும், அதுவும் நமக்கு வேண்டிய நேரம் பார்த்து. தொடைப் பலகையில் செருகிய ஒரு அட்டை, ஒரு பென்சில், போதும்.

அடுத்து உங்கள் எண்

172-இன் கையேட்டில் குறுக்குக் காற்று 15 நாட் என்று இருக்கும், அதைவிடச் சின்ன செஸ்னா 152 என்றால் 12. அது விமானத்தின் எல்லை இல்லை. சோதனை ஓட்டத்தில் அதை ஓட்டத் தெரிந்த ஒருவர் செய்து காட்டிய அளவு. அதையே உங்கள் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சியாளரோடு போய் எந்தக் காற்றில் மூன்று தடவை நடுக்கோட்டிலேயே இறக்கினீர்களோ, அதுதான் உங்கள் எண். நான் 7-இல் ஆரம்பித்தேன். ஒரு மாதம் பறக்காவிட்டால் இரண்டைக் கழித்துக்கொள்வேன்.

முக்கியம், அந்த எண்ணை வீட்டிலேயே எழுதிவிட வேண்டும். ஃபைனலில், அதாவது ஓடுபாதையை நோக்கிக் கடைசியாக இறங்கி வந்துகொண்டிருக்கும்போது நம் மனசு ரொம்பத் தாராளமாகிவிடும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒண்ணும் ஆகாது" என்று பேச ஆரம்பிக்கும். அட்டையில் இருக்கும் எண்ணுக்கு அந்தப் பேச்சு கேட்காது.

இறக்குவது

ஃப்ளாப் (இறங்கும்போது இறக்கையிலிருந்து கீழே விடும் மடல்) பத்து டிகிரியோ இருபதோ போதும், முழுசும் வேண்டாம். வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை வேகத்தில் கூட்டுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் வித்தியாசம் 12, எனவே 6 நாட் கூடுதல்.

ஃபைனலில் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு நடையாக வாருங்கள். சுமார் 300 அடியில், ஃப்ளேர் (தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கும் கட்டம்) வரை காத்திருக்காமல், ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்: வலப்பக்கக் காற்று என்றால் வலது இறக்கையைத் தாழ்த்தி, இடது ரடரால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்குங்கள். ரடரை முழுசாக மிதித்தும் மூக்கு நேராகவில்லை என்றால் இன்றைக்கு இந்த ஓடுபாதை உங்களுக்கு இல்லை. த்ராட்டிலைத் தள்ளிவிட்டு மேலே போங்கள். டவரிடம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, "கோயிங் அரவுண்ட்" என்றால் போதும்.

நான் சறுக்கிய இடம்

அன்றைக்குக் குறுக்குக் காற்று 9 நாட்தான். வலது சக்கரம் முதலில் பட்டது, அப்புறம் இடது, அப்புறம் மூக்கு. இவ்வளவு அழகாக நான் அதற்கு முன் இறக்கியதே இல்லை. "அப்பாடா" என்று கையைத் தளர்த்தினேன். ஐலரான் நடுவுக்கு வந்துவிட்டது.

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு வீச்சு வந்தது. வலது இறக்கை மெதுவாக, யாரோ கீழே கை கொடுத்துத் தூக்குவதுபோல எழும்பியது. மூக்கு வலப்பக்கம் இழுத்தது, இடது டயர் கிறீச்சிட்டது, நடுக்கோடு இடது ஜன்னலுக்குக் கீழே ஓடி மறைந்தது. எப்படியோ ரடரை மிதித்துத் திருப்பினேன். ஓரத்து விளக்கு வரிசைக்கும் சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம் இருந்தது என்று இறங்கிப் போய் அளக்க மனசு வரவில்லை.

மறுநாள் என் பயிற்சியாளர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, சக்கரம் தொட்டதும் பாதி வேலைதானுங்க முடிஞ்சிருக்கு. வேகம் குறையக் குறைய ஐலரான் பலம் குறையும். அப்போ இன்னும் அதிகமாத் திருப்போணும், விடக் கூடாது."

அதுதான் விஷயம். தொட்ட பிறகு காற்றுப் பக்கம் யோக்கை (ஐலரானை அசைக்கும் கைப்பிடி) கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நிற்கும் நேரத்தில் முழுசாகத் திருப்பியிருக்க வேண்டும். தரையில் உருண்டு டாக்சி போகும்போதும் அப்படியே: முன்பக்கமிருந்து சாய்வாகக் காற்று வந்தால் அதன் பக்கம் திருப்புங்கள், பின்னாலிருந்து வந்தால் எதிர்ப்பக்கம் திருப்பி யோக்கை முன்னே தள்ளுங்கள்.

எங்கள் அப்புச்சி களத்தில் கடலை தூற்றும்போது பார்த்திருக்கிறேன். முறத்தைத் தூக்கியபடி அப்படியே நிற்பார். காற்று ஒரே சீராக வரும் வரை கை அசையாது. திடீரென்று ஒரு வீச்சு அடித்தால் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலைப் பையைத் திறப்பார். எதற்கு நிறுத்தினீர்கள் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இறங்க முடியாவிட்டால்

கோவைக்கு வருகிறவர் கிளம்பும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். சூலூர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் விமானப்படைத் தளம். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. எனக்குப் பிடித்தது திருச்சி: ஓடுபாதை 09/27. மேற்குக் காற்று 27-இல் ஏறக்குறைய நேர் எதிரில் வரும், குறுக்கே அடிப்பது சொற்பம். சுமார் 100 கடல் மைல், காற்று முதுகில் தள்ளும். திரும்பி வருவதற்குத்தான் நேரமாகும், அதற்கு மறுநாள் விடிகாலை இருக்கிறது. பொதுவாகவே ஆடியில் காலை ஒன்பதுக்குள் பறந்து முடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

போன ஆடியில் மாப்பிள்ளை ஒருத்தர் தாராபுரத்திலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், விமானத்தில் ஏற்றுவேன் என்று நான் வாய் கொடுத்திருந்தேன். அட்டையில் 11, குறுக்குக் காற்று 13. "இன்னிக்கு முடியாதுங்க மாப்ள" என்றேன். பையன் முகம் தொங்கிப்போனது. விமானத்துக்குள் உட்கார வைத்து யோக்கைத் திருப்பக் கொடுத்தேன், அப்புறம் மூவரும் போய் பஜ்ஜி சாப்பிட்டோம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார், "எல்லாம் சரியாகச் செய்தேன், மூக்குச் சக்கரம் பட்டதும் விமானம் இடப்பக்கம் தாவியது, ஏன்?" நான் எழுதாமல் விட்டது இது. மூக்குச் சக்கரம் ரடர் மிதியோடு இணைந்தது. காற்றுக்காக இடது ரடரை அழுத்தியபடியே மூக்கை இறக்கினால், சக்கரமும் இடப்பக்கம் திரும்பியபடியே தரையைத் தொடும். மூக்கு இறங்க இறங்க ரடரை நடுவுக்கு விட்டு, தொட்ட பிறகு தேவைக்கு மிதியுங்கள். ஐலரானை மட்டும் விடாதீர்கள்.