தருமபுரியா, கிருஷ்ணகிரியா? அருங்காட்சியகம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல், கே.ஆர்.பி. அணை எல்லாம் போக மிச்சமிருக்கும் அரை நாளில்தான் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அருங்காட்சியக நினைப்பே வருகிறது. அந்த அரை நாளும் வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம்தான். இரண்டு ஊரிலும் இருப்பது ஒரே மாதிரி சின்ன மியூசியம், எது வழியில் வருகிறதோ அதைப் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அவை ஒன்றல்ல. தருமபுரியில் இருப்பது மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். அதன் உயிர் நடுகற்கள், அதாவது சண்டையில் மடிந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள். கிருஷ்ணகிரி காந்தி சாலையில் இருப்பது அருங்காட்சியகங்கள் துறை 1993-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். அது பலதரப்பட்ட பொருள்களுக்கான இடம். பிள்ளைகளோடு வந்தால் கிருஷ்ணகிரிக்குப் போங்கள், அலுப்புத் தட்டாது. செதுக்கிய உருவமும் பழைய எழுத்தும் பிடிக்கும் என்றால் தருமபுரிதான், ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். இடையில் சுமார் 45 கி.மீ. என்பதால் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று இரண்டையும் பார்த்துவிடலாம். ஒகேனக்கல்லையும் அதே நாளில் சேர்த்தால் எதுவுமே உருப்படியாகாது. சோழர் செப்புத் திருமேனிகளைத் தேடுகிறவர்கள் எழும்பூருக்கோ தஞ்சாவூருக்கோ போவதுதான் சரி.

கிருஷ்ணகிரியில் வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனியும் தேசிய விடுமுறை நாள்களும் கதவு திறக்காது. வார இறுதிப் பயணம் போடுகிறவர்கள் அந்த இரண்டாம் சனியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தருமபுரி வேறு துறை, எனவே இதே கணக்கை அங்கே போடாமல் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

உள்ளே போன பிறகு நடக்கும் தவறுதான் பெரியது. ‘கத்தியோடு ஒரு ஆள்’ என்று ஒரு கல்லுக்குப் பத்து விநாடி கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்வது. நடுகல்லைக் கீழிருந்து பாருங்கள். காலடியில் மாடுகள் இருந்தால் அது பெரும்பாலும் ஆநிரைச் சண்டை, மாட்டு மந்தையைக் கவரவோ மீட்கவோ நடந்தது. சில கற்களில் கால் பக்கம் கெண்டியும் (மூக்கு வைத்த சிறு பாத்திரம்) சிமிழும் (சிறு மூடிப் பெட்டி) சின்னதாகத் தெரியும். பிறகு உடம்பைப் பாருங்கள்: ஒரு கையில் வில், மறு கையில் வாள், மார்பிலோ தொடையிலோ தைத்த அம்பு. எதிரே புலி பாய்ந்தால் புலிக்குத்திக் கல், புலியோடு போராடியவனுக்கு நட்டது. பக்கத்தில் கையை உயர்த்திய பெண் நின்றால் சதிக்கல்லா, அதாவது கணவனோடு உடன்கட்டை ஏறியவளுக்கு நட்ட கல்லா என்று பாருங்கள். மூன்று அடுக்காக, கீழே போர், நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் தேவமகளிர், மேலே லிங்கத்தின் முன் அவன் என்று இருந்தால் அது பல்லவர் காலத்துக்கு வெகுவாகப் பிந்தியது.

பழைய கற்களின் எழுத்து வட்டெழுத்து, இன்றைய தமிழ் எழுத்துத் தெரிந்தவரால் படிக்க முடியாத பழைய வடிவம். அதனால் விளக்கப் பலகையில் உள்ள வாசகத்தைப் படியுங்கள். மூன்று சொல் தெரிந்தால் பாதி விளங்கும்: ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை, ‘பட்டான்’ என்றால் இறந்தான், ‘கோவிசைய’ என்பது அரசன் பெயருக்கு முன்வரும் அடைமொழி. மாடு கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் உண்டு. இந்த நியாயத்தை நினைத்துப் பார்க்காமல் அந்தக் கற்களைக் கடந்து போகக்கூடாது. மயீந்திர பருமற்கு இத்தனையாவது என்று வரும் எண்ணைப் பலர் கி.பி. ஆண்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பட்டமேறியதிலிருந்து எண்ணிய ஆட்சியாண்டு.

ஊர்ப் பெயரிலும் ஒரு குழி இருக்கிறது. தருமபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. பழைய நூலிலோ பலகையிலோ ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருந்தால், அந்த ஊர் இன்று கிருஷ்ணகிரியில் இருக்கலாம். வட்டத்தின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளாமல் கிளம்பினால் எதிர்த்திசையில் போய் நிற்பீர்கள்.

உருவம் தெரியவில்லை என்று ஃபிளாஷ் போடாதீர்கள். நேர் வெளிச்சம் புடைப்பின் நிழலைத் தின்றுவிடும், கல் வெறும் பலகையாகத் தெரியும். படம் எடுக்க அனுமதி கேட்டுவிட்டு, கூட வந்தவர் கையில் போன் டார்ச்சைக் கொடுத்துக் கல்லின் ஓரத்தில், கிட்டத்தட்டப் பரப்பை உரசுகிற சாய்வில் பிடிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் ஒருமுறை, மேலிருந்து ஒருமுறை. தெரியாத அம்பு தெரியும். சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதையும் எழுத்தின் மேல் பூசக்கூடாது. கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் நகலெடுக்கும் மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

கடைசியாக, கட்டடத்துக்குள் இருப்பது மட்டும்தான் கலை என்று நினைத்துத் திரும்பிவிடுவது. இரண்டு ஊருக்கும் இடையில் காவேரிப்பட்டணம் பக்கம் பெண்ணேஸ்வரமடம் கோயிலில் நடுகற்களை வெயிலிலும் காற்றிலும் பார்க்கலாம். நடை சாத்தும் உச்சி வேளையைத் தவிர்த்துவிடுங்கள். சாய்வெயில் விழும் மாலைதான் நல்லது, டார்ச்சே வேண்டாம். கிராமங்களில் இன்னும் எண்ணெய் பூசி, மாலை போட்டுக் கும்பிடும் நடுகற்கள் உண்டு. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்ப் பெரியவர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிட்டே போங்கள். எண்ணெய் மறைக்கிறது என்று துடைக்கப் போகாதீர்கள்.