பீ டீம் பிள்ளைகளுக்கும் மட்ச் வேண்டும்: கொழும்பில் ஒரு சனிக்கிழமை மல்யுத்த மீட் நடத்தும் முறை

ஒரு பாடசாலை அணியில் எடைப் பிரிவு ஒன்றுக்கு ஒருவருக்குத்தான் இடம். 48 கிலோவில் நல்ல பொடியன் ஒருவன் இருந்தால், அதே எடையில் பயிற்சிக்கு வரும் மற்ற மூவரும் வருடம் முழுக்க அவனுக்குப் பயிற்சித் துணையாக விழுந்து எழும்புவார்கள். கோட்டம், வலயம், மாகாணம் என்று போகும் போட்டிகளில் அவர்களுடைய பெயர் வராது. இரண்டாவது வருடத்தில் கிரிக்கெட்டுக்கோ ரியூசனுக்கோ போய்விடுவார்கள். பிறகு முதலாம் அணிப் பொடியன் உயர்தரம் எழுதி விலகும்போது அந்த எடையில் ஆளே இல்லாமல் போகும். அமெரிக்கப் பாடசாலைகளில் முதல் அணியை வார்சிட்டி என்றும், அடுத்த அணியை ஜூனியர் வார்சிட்டி என்றும் அழைத்து, பின்னவர்களுக்கும் தனியாக மட்ச் ஏற்பாடு செய்கிறார்கள். நாம் பீ டீம் என்கிறோம். மூன்று நான்கு பாடசாலைகள் சேர்ந்தால் அதே வேலையை இங்கேயும் செய்யலாம். பெரிய செலவு இல்லை.

இங்கே சொல்வது 24 பிள்ளைகள், ஒரு மெத்தை, ஒரு சனிக்கிழமைக் காலை என்ற அளவுக்கான கணக்கு. முதல் தடவை இதைவிடப் பெரிதாகத் தொடங்க வேண்டாம்.

நாளும் அனுமதியும்

சனிக்கிழமை காலையே பொருத்தமான நேரம். பின்னேரம் ரியூசன், ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் தேவாலயமும். போயா நாட்களையும், சாதாரண தர, உயர்தரப் பரீட்சை வாரங்களையும், மார்ச் மாதத்து பிக் மட்ச் வாரங்களையும் முதலிலேயே நாட்காட்டியில் வெட்டிவிடுங்கள். நோன்பு மாதத்தில் மீட் வைத்தால் முஸ்லிம் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் மோத வேண்டிவரும். அந்த மாதத்தையும் விட்டுவிடுங்கள்.

கடிதம் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் போக வேண்டும். அதிபர் அதிபருக்கு எழுதும் கடிதமாக இருந்தால்தான் வேலை நடக்கும். பயிற்றுநர் பயிற்றுநருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது கடைசி வெள்ளிக்கிழமை முறிந்துவிடும். வெளிப் பாடசாலைகள் வருவதால் வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவிக்க வேண்டுமா என்பதை உங்கள் அதிபரிடமே முதலில் கேளுங்கள். ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் பயிற்றுநரோடு ஒரு பொறுப்பாசிரியரும் வர வேண்டும். பெற்றோர் சம்மதப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை, முன்பு தலையில் அடிபட்டது ஆகிய நான்குக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். "ஏதேனும் நோய் உண்டா?" என்று மட்டும் கேட்டால் எல்லாரும் "இல்லை" என்றுதான் எழுதுவார்கள்.

எடைப் பிரிவு வேண்டாம், எடை வரிசை போதும்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அதிகாரபூர்வ எடைப் பிரிவுகளை வைத்தால் 24 பிள்ளைகள் பத்துப் பிரிவுகளாகச் சிதறுவார்கள். ஒன்றில் ஐந்து பேர், மூன்றில் ஒருவர்கூட இல்லை, இரண்டில் தனி ஆள். தனி ஆள் ஒரு மட்ச்சும் பிடிக்காமல் பதக்கத்தோடு வீட்டுக்குப் போவான். அதற்குப் பதிலாக எல்லாரையும் உண்மையான எடை வரிசையில் அடுக்கி, நால்வர் நால்வராக வெட்டுங்கள். குழுவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் மோதுவார்கள். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று மட்ச் உறுதி. முதல் மட்ச்சில் தோற்றவனும் இன்னும் இரண்டு பிடிப்பான்.

இதைக் கணினியில் செய்யப் பார்க்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் அட்டை வெட்டி, அதில் பெயர், பாடசாலை, பிறந்த திகதி, எடை, பயிற்சி மாதங்கள், இதுவரை பிடித்த மட்ச் என்று ஆறு விவரம் எழுதுங்கள். அட்டைகளை மேசையில் எடை வரிசையில் பரப்பிவிட்டு இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. குழுவில் மிகக் குறைந்த எடைக்கும் கூடிய எடைக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 40 கிலோவில் 4 கிலோ.
2. வயது வித்தியாசம் இரண்டு வருடத்துக்குள் நிற்க வேண்டும்.
3. ஐந்து மட்ச்சுக்குக் குறைவாகப் பிடித்தவனை இரண்டு வருடம் பழகியவனோடு போடக் கூடாது.
4. ஒரே பாடசாலைப் பிள்ளைகளை முடிந்தவரை வேறு வேறு குழுவில் போடுங்கள். அவர்கள் தினமும் ஒருவரோடு ஒருவர் பிடிக்கிறவர்கள்.

நான்கையும் எப்போதும் நிறைவேற்ற முடியாது. முடியாதபோது நான்காவதை விடுங்கள், மூன்றாவதை விடவே கூடாது.

ஓர் உதாரணம். எட்டு அட்டைகள்: 38.4, 39.1, 40.6, 41.0, 41.3, 42.2, 43.7, 44.5. நடுவில் வெட்டினால் எடை சரியாக வருகிறது. ஆனால் 38.4 கிலோப் பொடியன் சேர்ந்து மூன்று மாதம், 40.6 கிலோக்காரன் இரண்டு வருடமாகப் பிடிக்கிறவன். 41.3 கிலோக்காரனுக்கு ஆறு மாதப் பழக்கம்தான். ஆகவே 40.6ஐயும் 41.3ஐயும் இடம் மாற்றுங்கள். கீழ்க் குழு 38.4 முதல் 41.3 வரை, வித்தியாசம் 2.9 கிலோ, ஏறத்தாழ 7.6 சதவீதம். மேல் குழு 40.6 முதல் 44.5 வரை, 3.9 கிலோ, 9.6 சதவீதம். இரண்டும் எல்லைக்குள் நிற்கின்றன. பழகியவன் தன்னைவிடக் கனமானவர்களோடு பிடிக்கிறான். அவனுக்கும் அதுதான் நல்லது.

அட்டைகள் அடுக்கி முடிந்ததும் எல்லாப் பயிற்றுநர்களும் மேசையைச் சுற்றி நின்று ஐந்து நிமிடம் பார்க்கட்டும். "இந்தச் சோடி வேண்டாம்" என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் மாற்றுங்கள். அதோடு ஒரு விதியைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: மாகாண மட்டத்திலோ அகில இலங்கை மட்டத்திலோ பிடித்தவர்களுக்கு இந்த மீட்டில் இடமில்லை. அது இல்லாவிட்டால் வெற்றிக்காக முதலாம் அணிப் பிள்ளையை யாராவது நுழைத்துவிடுவார்கள். ஒருமுறை அப்படி நடந்தால் அடுத்த மீட்டுக்கு மற்றப் பாடசாலைகள் வரமாட்டா.

பெண் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவென்றால் மூவர் குழு வைத்து இரண்டு சுற்றுப் பிடிக்க விடுங்கள். ஆளுக்கு நான்கு மட்ச் கிடைக்கும். அவர்களுக்கு எடை பார்ப்பது தனி அறையில், ஆசிரியை ஒருவரால் நடக்க வேண்டும்.

எடை பார்த்தல்

வியாழக்கிழமை ஒவ்வொரு பாடசாலையும் எடையை அனுப்பட்டும். குழுக்களின் முதல் வடிவத்தை அதை வைத்துப் போடலாம். சனிக்கிழமை காலை எல்லாரும் ஒரே தராசில் மறுபடி ஏற வேண்டும். டிஜிட்டல் தராசை மெத்தைமேல் வைத்தால் எண் தவறும். சீமெந்து அல்லது டைல் தரையில் வையுங்கள். ஜிம்மிலிருந்து 20 கிலோத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து முதலில் அதை நிறுத்துப் பாருங்கள்.

பட்டினி கிடந்து எடை குறைக்கும் பழக்கத்தை இந்த முறை வேரோடு அறுக்கிறது. குழு எடைக்கு ஏற்பப் பிறகுதான் வெட்டப்படுகிறது என்றால் குறைத்து என்ன பயன்? இதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் வெள்ளி இரவு சாப்பிடாமல் வந்து நிற்பார்கள். 1997 நவம்பர் 7க்கும் டிசம்பர் 9க்கும் இடையில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் அவசரமாக எடை குறைக்கப்போய் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரிகளில் நீராவி அறையும் ரப்பர் உடுப்பும் தடைசெய்யப்பட்டன. கொழும்பு வெக்கையில் அந்த ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

எடை பார்க்கும்போதே தோலையும் நகத்தையும் பாருங்கள். வட்டமாகச் செதில் விட்ட படர்தாமரை, கொத்தாக வரும் நீர்க் கொப்புளம், தேன் நிறத்தில் பொருக்குக் கட்டிய புண் ஆகியவை ஒருவனிடமிருந்து மெத்தை வழியாகவும் உடம்பு வழியாகவும் பத்துப் பேருக்குப் போகும். அமெரிக்கப் பாடசாலை விதிப்படி, உடம்பில் படர்தாமரை என்றால் குறைந்தது 72 மணிநேரம் மருந்து போட்ட பிறகுதான் மெத்தை ஏறலாம். பிளாஸ்டர் ஒட்டி மறைத்துக்கொண்டு வந்தால் ஏற்காதீர்கள். அந்தப் பிள்ளையை ஸ்கோர் மேசையில் உட்கார வையுங்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

நேரக் கணக்கு

உலக மல்யுத்த அமைப்பான யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங்கின் விதியில் 15 வயதுக்குக் கீழும் 17 வயதுக்குக் கீழும் இரண்டு நிமிடம், 30 விநாடி ஓய்வு, மறுபடி இரண்டு நிமிடம். ஆள் மாறுவது, சப்பாத்து நாடா கட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு மட்ச்சுக்கு 7 நிமிடம் வையுங்கள். நால்வர் குழுவில் 6 மட்ச். ஆறு குழுவுக்கு 36 மட்ச், 252 நிமிடம். எல்லாரையும் ஏழு மணிக்கே வரச்சொன்னால் மதியம்வரை காத்திருந்து களைத்துவிடுவார்கள். ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். எடை குறைந்த மூன்று குழுக்களுக்கு 7.00 மணிக்கு எடை, 8.15க்கு மட்ச், 10.20 அளவில் முடிவு. கூடிய மூன்று குழுக்களுக்கு 9.15க்கு எடை, 10.40க்குத் தொடக்கம், ஒரு மணிக்கு முன் முடிவு.

மட்ச் ஒழுங்கில் அதிகம் பேர் ஒரு பிழை விடுகிறார்கள். குழுவில் நால்வருக்கும் 1 முதல் 4 வரை எண் போட்டு, ஒரு சுற்றில் அந்தக் குழுவின் இரண்டு மட்ச்சையும் அடுத்தடுத்து வையுங்கள்: முதல் குழுவில் 1–2, 3–4, பிறகு இரண்டாம் குழுவில் அதேபோல், பிறகு மூன்றாம் குழு. அடுத்த சுற்றில் 1–3, 2–4. கடைசிச் சுற்றில் 1–4, 2–3. இப்படி வைத்தால் யாருக்கும் இரண்டு மட்ச்சின் தொடக்கங்களுக்கு இடையே 35 நிமிடத்துக்குக் குறையாது. மூன்று குழுவின் 1–2 எல்லாம் முதலில், 3–4 எல்லாம் பிறகு என்று கலைத்துப் போட்டால் சிலருக்கு அது 21 நிமிடமாகச் சுருங்கும். மூன்றாம் மட்ச்சில் காலே எழும்பாது.

காலையில் இருவர் வராவிட்டால் அந்த அட்டைகளை எடுத்துவிட்டு, முதல் விசிலுக்கு முன் வரிசையை மறுபடி வெட்டுங்கள். ஐவர் குழு என்றால் ஆளுக்கு நான்கு மட்ச், மொத்தம் பத்து. அதற்கான நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மட்ச் தொடங்கிய பிறகு குழுவை மாற்றவே வேண்டாம்.

மெத்தையும் மண்டபமும்

முழு அளவு மெத்தை 12க்கு 12 மீற்றர், நடுவில் 9 மீற்றர் வட்டம். பாடசாலை மண்டபத்தில் அவ்வளவு இடமில்லாவிட்டால் வட்டத்தை 7 மீற்றராகச் சுருக்குங்கள். வட்டத்துக்கு வெளியே எல்லாப் பக்கமும் ஒன்றரை மீற்றர் மெத்தை இருக்கட்டும். அதை மட்டும் வெட்டிக் குறைக்க வேண்டாம். மேடை விளிம்பும் தூணும் பக்கத்தில் இருந்தால் பழைய மெத்தை சுற்றிக் கயிறு கட்டுங்கள்.

துண்டு மெத்தைகள் பிடிக்கப் பிடிக்க விலகும். அந்த இடைவெளியில் பெருவிரல் மாட்டினால் முறியும். மேலுறையை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு ஆறு மட்ச்சுக்கும் ஒருவர் வெறுங்காலால் மூட்டு மூட்டாக நடந்து பார்க்கட்டும். நம் மண்டபங்கள் பலவற்றில் அரைச்சுவர்தான். தென்மேற்குப் பருவமழை சாய்ந்து அடித்தால் அந்தப் பக்க மெத்தை நனைந்துவிடும். மழை மாதங்களில் மெத்தையை எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளி விரியுங்கள்.

மெத்தை துடைக்க 10 லீற்றர் தண்ணீருக்கு 100 மில்லிலீற்றர் வீட்டுப் பாவனை பிளீச், அன்றன்று கலந்தது. துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். கழிப்பறைக்குப் போடும் அமிலக் கிளீனரோடு அதைக் கலந்தால் நச்சு வாயு வரும். கழிப்பறையில் பாவித்த துடைப்பத்தையும் மெத்தைக்குக் கொண்டுவராதீர்கள். வெளியே போய்வந்த சப்பாத்தோடு யாரும் மெத்தையில் ஏறக் கூடாது. பயிற்றுநரும் சேர்த்துத்தான்.

விதி, நடுவர், மேசை

பெரிய போட்டியில் மெத்தைக்கு மூன்று அதிகாரிகள் வேண்டும். இங்கே ஒரு நடுவரும், ஒரு ஸ்கோர் எழுதுபவரும், ஒரு நேரம் பார்ப்பவரும் போதும். மேசை வேலைக்கு உயர்தர வகுப்பு மல்யுத்த மாணவர்களை உட்கார வையுங்கள். விதியை அவர்கள் அங்கேதான் கற்பார்கள். நடுவராகப் பழகிவரும் இளைஞர்களை அழைத்து, பஸ் காசும் சாப்பாடும் கொடுங்கள்.

காலையும் பிடிக்கலாம் என்ற பிரீஸ்டைல் முறையை மட்டும் வையுங்கள். வீழ்த்திப் பிடித்தால் 2, எதிராளியின் முதுகை மெத்தைப் பக்கம் திருப்பினால் 2, கீழே இருந்தவன் புரட்டி மேலே வந்தால் 1, எதிராளி வட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தால் 1. பத்துப் புள்ளி முன்னிலை வந்தால் மட்ச் முடியும். இரண்டு கைகளையும் அக்குளுக்குள்ளால் விட்டுப் பின்கழுத்தை அமுக்கும் பிடி இந்த வயதினருக்குத் தடை. கையைச் சேர்க்காமல் தலையை மட்டும் இறுக்கும் பிடியும் தடை. இந்த இரண்டையும் நடுவர் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளையை நிறுத்திச் செய்து காட்ட வேண்டும். புதிய பொடியன்கள் பயத்தில் முதலில் கை போடுவது கழுத்துக்குத்தான்.

சிவப்பு, நீல உடுப்பு எல்லாரிடமும் இருக்காது. இறுக்கமான ரீ சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு, கணுக்காலில் நிறத் துணிப்பட்டி கட்டினால் போதும். பட்டியைப் பொருத்த ஊசி குத்த வேண்டாம்.

காயம்

பாடசாலை வாசல்களில் ஒன்றுதான் சனிக்கிழமை திறந்திருக்கும், அதுவும் பெரும்பாலும் ஆட்கள் போகும் சின்ன வாசல். அம்புலன்ஸ் நுழையும் பெரிய வாசலின் சாவி யாரிடம் என்பதை முதல் நாளே கேட்டு, அன்று அவரை மண்டபத்திலேயே வைத்திருங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவச சேவை. முழு முகவரியையும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஸ்கோர் மேசையில் ஒட்டுங்கள்; பதற்றத்தில் வீதிப் பெயர் வாயில் வராது.

கழுத்தில் வலி என்றோ கை கால் மரத்தது என்றோ சொன்னால் பிள்ளையை அசைக்காமல் அம்புலன்ஸை அழையுங்கள். தலை அடிபட்டுத் தடுமாறினாலோ, ஸ்கோர் என்ன என்று கேட்டபோது விழித்தாலோ அன்றைய நாள் அவனுக்கு முடிந்தது. மட்ச் மீதமிருக்கிறது என்று அழுதாலும் விடாதீர்கள். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் அழுத்துங்கள். காது வீங்கி மெதுமெதுவென்று இருந்தால் அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஊசியால் குத்தித் தாங்களே வடிப்பது சீழில் போய் முடியும். மேசைக்குக் கீழே ஐஸ் 5 கிலோ, கையுறை, பஞ்சு, ஜீவனி பக்கெட்டுகள் வையுங்கள். ஒரு பக்கெட் ஒரு லீற்றர் தண்ணீருக்குத்தான். போத்தல் சிறிது என்று அரை லீற்றரில் கரைக்க வேண்டாம். மட்ச்களுக்கு இடையே வாழைப்பழம் நல்லது. மாலு பணிஸ் எல்லாம் முடிந்த பிறகு.

பதிவேடு

குழுவில் வெற்றிகளை எண்ணி இடம் போடுங்கள். சமமானால் அவர்கள் இருவரும் பிடித்த மட்ச்சை வைத்துத் தீர்மானியுங்கள். பதக்கத்துக்குப் போகும் காசை நடுவருக்கும் ஐஸுக்கும் கொடுக்கலாம். பிள்ளைக்கு ஓர் அட்டை போதும்: திகதி, எதிராளியின் பாடசாலை, முடிவு, எப்படி முடிந்தது. வருடத்துக்கு நான்கு மீட் வைத்தால் ஒருவனுக்கு 12 மட்ச் சேரும். ஐந்து மட்ச்சை மாணவன் தாண்டியதும் அவனை அடுத்த மீட்டில் பழகியவர்களின் வரிசைக்கு மாற்றலாம். இந்தப் பதிவு இல்லாமல் அட்டை அடுக்கும் மேசையில் வெறும் ஊகம்தான் மிஞ்சும்.

அன்றைய முடிவுத் தாளைப் படம் எடுத்து எல்லாப் பொறுப்பாசிரியர்களுக்கும் அனுப்பிவிட்டு, மெத்தை மடிக்கும் முன்பே அடுத்த மீட்டின் திகதியையும் எந்தப் பாடசாலை மண்டபம் தரும் என்பதையும் அவர்கள் எல்லாரோடும் நின்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்.