வேலியில் களா, ஜாடியில் ஊறுகாய்

ராமநாதபுரம் கடலோரத்தில் வேலி என்றாலே சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போடுவதுதான் வழக்கம். அது மக்கிப் போனதும் மறுபடி வெட்ட வேண்டும். பெரியபட்டினம் பக்கம் எங்கள் மணல் காட்டில் அதற்குப் பதிலாகக் களா என்ற முட்செடியை வைத்தோம். இன்று ஆட்டைத் தடுப்பதும் அதுதான், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் தருவதும் அதுதான். கடலோரத்தில் கொஞ்சம் நிலம் இருப்பவர்கள் எல்லோரும் களா வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் விதை. களா விதை பழசானால் முளைக்காது. முதல் வருடம் பாக்கெட்டில் வாங்கிய விதையைப் போட்டு, ஒன்றுகூட முளைக்காமல் ஒரு பருவத்தையே இழந்தோம். அதனால் நன்றாகக் கறுத்த பழத்தைப் பிசைந்து, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று நாளுக்குள் ஊன்றிவிடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து பைகளில் நிரப்பி, அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும்.

அடுத்த ஐப்பசி மழையில் கன்றுகளை மூன்றடிக்கு ஒன்றாக நடுங்கள். வடகிழக்குப் பருவமழையை விட்டால் நமக்கு வேறு பெரிய மழை கிடையாது. கார்த்திகைக்குள் வேர் பிடித்துவிட வேண்டும். முள் முற்றும்வரை ஆடு தளிரைக் கடிக்கும். கன்றைச் சுற்றிப் பனையோலையைக் கூடுபோல் கட்டிவிடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஓரளவு உப்புத் தண்ணீரையும் களா தாங்கும். நாங்கள் பூச்சிமருந்தே அடிப்பதில்லை. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்க வைத்த பஞ்சகவ்யத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து அவ்வப்போது தெளிக்கிறோம்.

மூன்றாம் வருடம் மல்லிகை போல வெள்ளைப் பூ பூக்கும். வேலி ஓரம் நடந்தாலே மணக்கும். பிறகு காய்தான்.

எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. வாரம் ஒருமுறை வீடே வேலிக்குப் போகும். ஊறுகாய்க்குப் பச்சை மாறி லேசாகச் சிவப்பு ஏறிய காய்தான் சரி. காம்பைக் கிள்ளியதும் வெள்ளைப் பால் சொட்டும். விரலில் பட்டால் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். அப்பத்தா எங்கள் கைகளில் முதலில் நல்லெண்ணெய் தடவிவிட்டுத்தான் அரிவாள்மணையைத் தருவார். காயை இரண்டாக அரிந்து உப்புத் தண்ணீரில் போட்டால் பால் பிரிந்துவிடும். பிறகு கரண்டிக் காம்பால் விதையை நெம்பி எடுத்துவிட்டு, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அரிந்த காய் ஒரு கிலோவுக்குக் கல்லுப்பு 150 கிராம். பீங்கான் ஜாடியில் போட்டு மூன்று நாள் குலுக்கி வையுங்கள். மிளகாய்க்கு வேறெங்கும் போக வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் முண்டு மிளகாயை வெயிலில் காயவைத்து இடித்து, 75 கிராம் சேருங்கள். வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் பெருங்காயம். 250 மில்லி நல்லெண்ணெயைக் காய்ச்சி, கடுகு தாளித்து, முழுக்க ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் காய் குழைந்துவிடும்.

கறுத்த பழம் மிஞ்சினால் ஜாம் காய்ச்சலாம். பெக்டின் நிறைந்த பழம் என்பதால் சர்க்கரை மட்டும் சேர்த்தாலே இறுகிவிடும்.

ஊறுகாய் ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, பத்து நாள் கழித்துத் திறந்து பாருங்கள். எண்ணெய் காய்க்கு மேலே நிற்க வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி ஆறவைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்.