பதிவான ட்ரம்ஸுக்குச் சாம்பிள் சேர்ப்பது எப்படி? ரீப்பரில் ஒரு செய்முறை

சிறிய அறையில் நான்கைந்து மைக் வைத்துப் பதிவு செய்த ட்ரம்ஸில் இரண்டு குறைகள் அடிக்கடி வரும். கிக்கில் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) கனம் இருக்காது. ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள ட்ரம்) ட்ராக்கைத் தனியாகப் போட்டுக் கேட்டால் ஸ்னேருக்குப் போட்டியாக ஹை-ஹேட் (ஜோடி சிம்பல்) இரைந்துகொண்டிருக்கும். ஈக்யூவில் (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) கிக்கின் அடிப்பகுதியைத் தூக்கினால் அறையின் உறுமலும் சேர்ந்து எழும். ஸ்னேரின் மேல்பகுதியைத் தூக்கினால் ஹை-ஹேட் காதைக் கிழிக்கும். பதிவில் இல்லாததை ஈக்யூவால் கொண்டுவர முடியாது. அங்கேதான் சாம்பிள் கைகொடுக்கிறது: ட்ரம்மர் அடிக்கும் ஒவ்வொரு அடியோடும், நன்றாகப் பதிவான வேறோர் அடியை அதே கணத்தில் ஒலிக்க வைக்கிறோம்.

இந்த வேலைக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது. ஸ்டீலி டான் குழுவின் ஒலிப்பதிவாளர் ரோஜர் நிக்கல்ஸ் 1970களின் கடைசியில் ட்ரம் சாம்பிள்களை ஒலிக்கவைக்க வெண்டல் என்ற கருவியைத் தானே உருவாக்கினார். 1980களில் ஏஎம்எஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் டிலேயில் (ஒலியைத் தாமதித்துத் தரும் கருவி) ஒரு நல்ல ஸ்னேர் அடியைப் பிடித்துவைத்து, டேப்பில் இருக்கும் ஸ்னேரைக் கொண்டே அதை ட்ரிகர் செய்தார்கள், அதாவது ஒலிக்கத் தூண்டினார்கள். இன்று ஸ்லேட் ட்ரிகர் 2, ட்ரமகாக், அடிக்டிவ் ட்ரிகர் என்று தனி ப்ளக்இன்கள் (பதிவு மென்பொருளுக்குள் போடும் துணைக் கருவிகள்) இருக்கின்றன. லாஜிக் ப்ரோ என்ற பதிவு மென்பொருளில் ட்ராக் மெனுவிலேயே ட்ரம்மை மாற்றவோ இரட்டிக்கவோ கட்டளை உண்டு. நான் இங்கே ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை வைத்து விளக்குகிறேன். 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தேவையான ப்ளக்இன்கள் எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. உள்ளே நடப்பது என்ன என்பதும் இதில்தான் நன்றாகப் புரியும். அது புரிந்துவிட்டால் வேறு எந்த ப்ளக்இனுக்குப் போனாலும் தடுமாற மாட்டீர்கள்.

சேர்ப்பதா, மாற்றுவதா?

சேருங்கள். அசல் ட்ராக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதன் கீழே சாம்பிளைக் கலப்பதுதான் என் சிபாரிசு. அசலை ம்யூட் செய்துவிட்டு முழுக்க சாம்பிளை வைப்பது, மைக் பழுதாகியிருந்தாலோ பதிவு க்ளிப் ஆகி (அளவு மீறிச் சிதைந்து) இருந்தாலோ மட்டும் செய்ய வேண்டியது.

காரணம், ட்ரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்குகளிலும் அதே ஸ்னேர் பதிவாகியிருக்கிறது. ட்ரம்முக்கு அருகில் வைத்த க்ளோஸ் மைக்கில் இருக்கும் ஸ்னேரை முற்றிலும் வேறான ஒன்றால் மாற்றினால், ஓவர்ஹெட்டில் ஒரு ஸ்னேர், நடுவில் இன்னொரு ஸ்னேர் என்று இரண்டு கேட்கும். அதைவிட முக்கியமானது வாசிப்பு. முக்கிய அடிகளுக்கு நடுவே ட்ரம்மர் மெல்லத் தொட்டுப் போகும் கோஸ்ட் நோட்டுகளில்தான் அந்த ஆளின் கை தெரியும். முழுக்க மாற்றினால் முதலில் தொலைவது அவைதான்.

ஹை-ஹேட்டையும் சிம்பல்களையும் இந்த முறையில் தொடவே வேண்டாம். கிக், ஸ்னேர், டாம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: சாம்பிளைத் தேர்ந்தெடுங்கள்

அசல் ட்ரம்மைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே சாம்பிள்களைக் கேளுங்கள். தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருப்பது பாட்டுக்குள் போனதும் ஒட்டாமல் நிற்கலாம். முதலில் சுருதியைப் பாருங்கள். உங்கள் ஸ்னேர் 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கிறது, சாம்பிள் 240 பக்கம் ஒலிக்கிறது என்றால் இரண்டும் சண்டை போடும். அடுத்து, நீளம். வேகமான பாட்டில் நீளமாக அதிரும் கிக் அடுத்த அடியின் மேல் ஏறும்.

ஒரே அடியின் ஒற்றைக் கோப்பைவிட, மெதுவான, நடுத்தரமான, பலமான அடிகள் தனித்தனியாகவும், ஒவ்வொன்றிலும் சில மாற்று அடிகளுடனும் உள்ள தொகுப்பே மேல். ஒரே ஒலி அச்சுப் பிசகாமல் திரும்ப வந்தால், குறிப்பாக ஸ்னேர் ரோலில், இயந்திரத் துப்பாக்கி சுடுவது போலக் கேட்கும். மாற்று அடிகளைச் சுழற்சியில் ஒலிக்கவைப்பதை ரவுண்ட்-ராபின் என்பார்கள்.

சாம்பிள் கோப்பின் தொடக்கத்தில் மௌனம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். 5 மில்லிசெகண்ட் மௌனம் இருந்தாலும் வெட்டி எறியுங்கள்.

படி 2: ட்ரிகர் ட்ராக்கைத் தயார் செய்யுங்கள்

கிக்கில் தொடங்குவோம்; எளியது அதுதான். கிக் ட்ராக்கை டூப்ளிகேட் செய்து 'கிக் ட்ரிகர்' என்று பெயர் வையுங்கள். ரூட்டிங் சாளரத்தில் மாஸ்டர் செண்டை அணைத்துவிடுங்கள். இந்த ட்ராக் நம் காதுக்கு வரத் தேவையில்லை. எப்போது அடி விழுகிறது என்று மென்பொருளுக்குச் சொல்வதே இதன் வேலை.

அதில் ரியாகேட் ப்ளக்இனைப் போடுங்கள். கேட் என்பது ஒலி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் திறக்கும் கதவு. திறக்கும்போது ஒரு மிடி நோட்டை (ஒலி அல்ல, எதை எப்போது ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளை) அனுப்பும் வசதி ரியாகேட்டில் இருக்கிறது. அதை டிக் செய்து, நோட் எண்ணை 36 என்று வையுங்கள். ஜெனரல் மிடி வழக்கில் கிக்குக்கு 36, ஸ்னேருக்கு 38.

இப்போது கதவு எதைக் கேட்டுத் திறக்கிறது என்பதைச் சரிசெய்ய வேண்டும். கிக் மைக்கில் ஸ்னேரும் விழுந்திருக்கும். ரியாகேட்டின் லோபாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியை மட்டும் விடுவது) 100 ஹெர்ட்ஸ் பக்கம் கொண்டுவந்தால் ஸ்னேர் பெருமளவு மறையும். 'ப்ரிவ்யூ ஃபில்டர்' என்பதை அமுக்கினால் கேட்டுக்குக் கேட்பது நமக்கும் கேட்கும். அதற்கு மட்டும் மாஸ்டர் செண்டைக் கொஞ்ச நேரம் திறந்துகொள்ளுங்கள். வெறும் 'தும் தும்' மட்டும் மிஞ்சினால் சரி.

ஸ்னேருக்கு வேலை இதைவிடக் கடினம். கீழே கிக், மேலே ஹை-ஹேட். ஹைபாஸை (உயர்ந்த ஒலியை மட்டும் விடுவது) 150 ஹெர்ட்ஸிலும் லோபாஸை 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கமும் வைத்து நடுப்பகுதியை மட்டும் விடுங்கள். ஹை-ஹேட்டின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது.

கதவு திறக்கும் அளவான த்ரெஷோல்டை மீட்டரைப் பார்த்து வையுங்கள். கிக் அடிகள் மைனஸ் 8 டெசிபல் அளவிலும், ஊடே வரும் மற்ற ஒலிகள் மைனஸ் 20 அளவிலும் இருந்தால், மைனஸ் 14 நல்ல தொடக்கம். ஓர் அடிக்கு இரண்டு நோட் வந்தால் ஹோல்டை (திறந்த கதவு குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பது) கூட்டுங்கள். எவ்வளவு கூட்டலாம் என்பதை டெம்போ சொல்லிவிடும்: நிமிடத்துக்கு 96 பீட் உள்ள பாட்டில் ஒரு பதினாறாம் நோட் சுமார் 156 மில்லிசெகண்ட், முப்பத்திரண்டாம் நோட் 78. ஹோல்ட் 50 மில்லிசெகண்டில் இருந்தால் அந்த வேக அடிகளும் தப்பிக்கும். கதவு மூட எடுக்கும் நேரமான ரிலீஸைக் குறைவாகவே வையுங்கள். முந்தைய அடிக்குத் திறந்த கதவு மூடினால்தானே அடுத்த அடிக்குத் திறக்கும்.

படி 3: மிடியைப் பதிவு செய்து கண்ணால் சரிபாருங்கள்

ட்ரிகரை நேரடியாகவே ஓடவிட்டு மிக்ஸ் செய்பவர்கள் உண்டு. புதியவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ட்ரிகர் ட்ராக்கின் ரெக்கார்ட் பொத்தானை வலது க்ளிக் செய்து, அவுட்புட்டை மிடியாகப் பதிவு செய்யும் தேர்வை எடுத்து, பாட்டு முழுவதையும் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். கிடைத்த மிடியை 'கிக் சாம்பிள்' என்ற புது ட்ராக்குக்கு நகர்த்துங்கள்.

பிறகு முதல் பாரிலிருந்து கடைசிவரை, அசல் கிக்கின் அலைவடிவத்தையும் மிடி நோட்டுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். விட்டுப்போன அடியைப் போடுங்கள். ஸ்னேரைக் கிக் என்று நினைத்துப் போட்ட நோட்டை அழியுங்கள். ஃபில் (பாட்டின் பகுதிகளுக்கு நடுவே வரும் நிரப்பு வாசிப்பு) வரும் இடங்களில்தான் தவறுகள் கூடும், அங்கே நிதானியுங்கள்.

வெலாசிட்டியையும் இப்போதே கவனியுங்கள். இது 1 முதல் 127 வரை போகும், அடியின் பலத்தைக் குறிக்கும். கேட் திறந்த கணத்திலேயே நோட் போய்விடுகிறது. அடியின் உச்சம் வருவது அதற்குப் பிறகு. ஆகவே தானாக வந்த எண்ணை நம்பி விடாமல், அலையின் உயரத்தைப் பார்த்துத் திருத்துங்கள். ஸ்னேரில் கோஸ்ட் நோட்டுக்கு 30, 40 என்றும் பேக்பீட்டுக்கு (தாளத்தின் முக்கிய ஸ்னேர் அடி) 110 பக்கமும் வைத்துத் தொடங்கலாம். கோஸ்ட் நோட்டுகளுக்குச் சாம்பிளே இல்லாமல் விட்டு, அசல் மைக்கிடம் ஒப்படைப்பதும் நல்ல வழி. நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

படி 4: சாம்பிளரை ஏற்றுங்கள்

'கிக் சாம்பிள்' ட்ராக்கில் ரியாசாம்ப்ளோமேட்டிக்5000 ப்ளக்இனைப் போட்டு, சாம்பிள் கோப்பை அதன்மேல் இழுத்து விடுங்கள். எந்த நோட் வந்தாலும் சாம்பிளை அதன் சொந்தச் சுருதியிலேயே ஒலிக்கும் மோடைத் தேர்ந்தெடுங்கள். நோட்-ஆஃப் வந்ததும் நிறுத்தும் தேர்வு டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கிக் பாதியிலேயே அறுந்து போகும்.

படி 5: இரண்டு அலைகளையும் ஒட்டவையுங்கள்

இந்தச் செய்முறையிலேயே அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. சாம்பிள் சேர்த்தபின் கிக் முன்பைவிட மெலிந்து கேட்கிறது என்று பலர் சொல்வார்கள். சாம்பிளை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு சாம்பிளில் இருக்காது, ஃபேஸில் இருக்கும்.

ஓர் அலை மேலே போகும் நேரத்தில் இன்னொன்று கீழே போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 60 ஹெர்ட்ஸில் அதிரும் கிக்கின் ஒரு முழுச் சுழற்சி 16.7 மில்லிசெகண்ட். அதில் பாதி, அதாவது 8 மில்லிசெகண்ட் தள்ளிப்போனால், எந்தக் கனத்துக்காகச் சாம்பிள் சேர்த்தோமோ அந்தக் கனம் போய்விடும். நாம் லோபாஸ் போட்டுத்தான் ட்ரிகர் செய்தோம். தாழ்ந்த அலை மெல்லத்தான் எழும் என்பதால் நோட் சில மில்லிசெகண்ட் தாமதித்துத்தான் வந்திருக்கும்.

சாம்பிள் ட்ராக்கை ரெண்டர் செய்து ஆடியோவாக்குங்கள். ஓர் அடியை எடுத்து, சுமார் 20 மில்லிசெகண்ட் திரை முழுவதும் வரும்வரை பெரிதாக்குங்கள். ஸ்னாப்பை (நகர்த்துவதைக் கட்டக் கோடுகளோடு தானாக ஒட்டவைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். அசலில் அலை முதன்முதலில் கோட்டை விட்டு விலகும் இடத்தையும், சாம்பிளில் அதே இடத்தையும் பாருங்கள். நேர்க்கோட்டில் வரும்வரை சாம்பிளை நகர்த்துங்கள்.

அடுத்து, முதல் அசைவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஸ்னேரில் இது முக்கியம். குச்சி விழும்போது தோல் மேல் மைக்கை விட்டுக் கீழே போகிறது, அதனால் மேல் மைக் பதிவில் அலை முதலில் கீழ்நோக்கித் திரும்புவது வழக்கம். பல சாம்பிள்கள் மேல்நோக்கித் தொடங்கும்படி தயாரிக்கப்பட்டிருக்கும். இரண்டும் எதிர்த்திசையில் இருந்தால் சாம்பிள் ட்ராக்கில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அமுக்குங்கள்.

கண்ணால் பார்த்ததைக் காதால் உறுதி செய்யுங்கள். இரண்டு ட்ராக்கையும் ஒரே அளவில் ஓடவிட்டு, போலாரிட்டியை மாற்றி மாற்றி அமுக்குங்கள். எது கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. பிறகு ஓவர்ஹெட்டுகளையும் சேர்த்து மீண்டும் கேளுங்கள். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும், அதனால் ஓவர்ஹெட் இயல்பாகவே தாமதமாக வரும். அதை அப்படியே விடுங்கள். சாம்பிள் க்ளோஸ் மைக்கோடு ஒட்டினால் போதும்.

மெதுவான அடிகள் த்ரெஷோல்டைக் கொஞ்சம் பிந்தித்தான் தாண்டும். ஓர் அடியை ஒட்டவைத்ததும் எல்லாம் ஒட்டிவிட்டதாக எண்ணாமல், வெவ்வேறு இடங்களில் பத்துப் பதினைந்து அடிகளையாவது பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 6: கலக்குங்கள்

சாம்பிளின் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு, பாட்டு முழுவதும் ஓடும்போது மெல்ல ஏற்றுங்கள். சாம்பிள் இருப்பது தனியாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, 2 டெசிபல் குறையுங்கள். ம்யூட் செய்தால் ஏதோ குறைகிறது, திரும்பப் போட்டால் அதே ட்ரம்ஸ்தான் கேட்கிறது என்றால் அளவு சரி.

அசலில் எது இல்லையோ அதை மட்டும் சாம்பிளிலிருந்து எடுங்கள். கிக்கில் பீட்டரின் (கிக்கை அடிக்கும் சுத்தியல்) 'டிக்' மட்டும் குறைவு என்றால், சாம்பிளில் 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். தாழ்ந்த அலைகளே இல்லாததால் கனத்தைத் தின்னும் ஃபேஸ் தொல்லையும் போய்விடும். முதல்முறை முயல்பவர்களுக்கு இதுவே பாதுகாப்பான தொடக்கம்.

ஸ்னேரில் எனக்கு மிகவும் பிடித்த பயன் ஒன்று உண்டு. ஸ்னேர் மைக்கை ரிவர்புக்கு (அறையின் எதிரொலிப்பைச் சேர்க்கும் கருவி) அனுப்பினால் ஊடே கேட்கும் ஹை-ஹேட்டும் போய் மிக்ஸ் முழுக்கச் சலசலக்கும். சாம்பிளின் நேரடி ஒலியை மாஸ்டருக்கு அனுப்பாமல், ப்ரீ-ஃபேடர் செண்ட் (ஃபேடரின் அளவைப் பொருட்படுத்தாத தனி வழி) வழியாக ரிவர்புக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள். முன்னால் கேட்பது முழுக்க ட்ரம்மர் அடித்த ஸ்னேர். பின்னால் விரியும் அறை மட்டும் சாம்பிளுடையது. ஹை-ஹேட் அந்த அறைக்குள் நுழைவதே இல்லை.

டாம்களுக்கு ட்ரிகர் வேண்டியதில்லை. ஒரு பாட்டில் அவை வருவது சில ஃபில்களில்தான். கையாலேயே நோட் போடுவது சீக்கிரம் முடியும்.

மிருதங்கம், தவிலுக்கு இதே வழியில் போகாதீர்கள். மிருதங்கத்தின் கும்கியில் (இடப்பக்கத் தோலை அழுத்தி எழுப்பும் ஒலி) சுருதி வழுக்கிக்கொண்டே போகிறது, விரல் விழும் இடத்துக்கு இடம் சொல்லே மாறுகிறது. த்ரெஷோல்டைத் தாண்டியதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் கேட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அடுத்த பதிவுக்கு முன்

மிகப் பொருத்தமான சாம்பிள், அதே ட்ரம், அதே குச்சி, அதே ட்யூனிங், அதே அறை. பதிவு முடிந்ததும் மைக்குகளைக் கழற்றுவதற்கு முன்னால் ட்ரம்மரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். கிக், ஸ்னேர், டாம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மெதுவாக, நடுத்தரமாக, பலமாக, ஒவ்வொரு பலத்திலும் ஐந்தாறு முறை அடிக்கச் சொல்லுங்கள். அதிர்வு முழுக்க அடங்கியபின்தான் அடுத்த அடி. ஓவர்ஹெட் உட்பட எல்லா மைக்கும் ஓடட்டும். இந்த அடிகள் எதற்கு என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வாசிப்பின் மேல் அவர் ஒலியையே சேர்க்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் இன்னும் அக்கறையோடு அடித்துக் கொடுப்பார். கோப்புகளைச் சேமிக்கும்போது ட்ரம், பலம், வரிசை எண் மூன்றும் பெயரிலேயே இருக்கட்டும்: 'ஸ்னேர்_பலம்_03' என்பது போல.