ஆற்றுத் திட்டில் ஒரு முழு எண் புள்ளியைப் பிடிப்பது எப்படி

அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டுமே தசமப் புள்ளிக்குப் பிறகு வெறும் பூஜ்யமாக வருகிற இடங்கள், துருவங்களையும் சேர்த்தால், உலகத்தில் 64,442 இருக்கின்றன. பெரும்பாலானவை கடலில் போய்விடும். மிச்சமிருப்பவற்றைத் தேடிப் போய்ப் படம் எடுத்து வரும் வேலையை 1996இல் அமெரிக்காவில் அலெக்ஸ் ஜாரெட் என்பவர் ஆரம்பித்து வைத்தார், இப்போது பல நாடுகளில் இதற்கென்றே அலைகிறவர்கள் இருக்கிறார்கள். வயலில் விழுந்த புள்ளி என்றால் வரப்பில் நடந்துபோய் முடித்துவிடலாம். ஆளில்லாத ஆற்றுத் திட்டில் விழுந்தது என்றால் புள்ளியைக் கண்டுபிடிப்பது கடைசி பத்து நிமிட வேலைதான், மற்றதெல்லாம் ஆற்றோடு நடத்துகிற பேரம்.

முதலில் திட்டு இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மணல் திட்டுகள் நகரும். மேல்முனையை ஆறு அரித்துக்கொண்டே இருக்கும், கீழ்முனையில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். நான் ஒருமுறை போனில் தெரிந்த செயற்கைக்கோள் படத்தை நம்பிப் போய், புள்ளி கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஓடுகிற தண்ணீருக்குள் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், அந்தப் படம் பல வருடப் பழசு. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தாலே கரை எந்தப் பக்கம் தேய்கிறது என்று புரிந்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோளின் இலவசப் படங்களில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர், அவ்வளவு துல்லியம் இல்லை, ஆனால் சில நாட்களுக்கு முன் எடுத்தது கிடைக்கும், திட்டு இருக்கிறதா இல்லையா என்று தெரிய அது போதும்.

எண்களை எழுதும்போது ஒரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். படகுத்துறை 12 டிகிரி 30 நிமிடம் என்று யாராவது சொன்னால் அதை 12.30 என்று போடாதீர்கள், ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் அது 12.5. இந்த ஒரு தவறில் வடக்கு தெற்காக 22 கிலோமீட்டர் விலகிப் போவீர்கள். கருவியில் அளவுமுறை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகையைக் கணக்கிடும் அடிப்படை, ஜிபிஎஸ் பயன்படுத்துகிற டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கட்டும், பழைய அச்சு வரைபடங்கள் வேறு அளவுமுறையில் இருந்தால் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டலாம்.

அப்புறம் ஆறு. தண்ணீர் வற்றிய பருவத்தில், காலையில் போங்கள். மேலே அணை இருந்தால் எப்போது திறப்பார்கள் என்று விசாரிக்காமல் இறங்காதீர்கள், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும். அந்த ஆற்றிலேயே படகு ஓட்டுகிற ஒருவரைப் பிடியுங்கள், சொந்தமாகத் துடுப்புப் போடும் ஆசையெல்லாம் வேறு நாளைக்கு. அவர் திட்டுக்கு நேராகப் போகாமல் மேலே ஏறி, சாய்வாக வெட்டிக்கொண்டு வருவார், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் விடும். இறங்குவதற்குப் பெரும்பாலும் கீழ்முனைதான் நல்லது, அங்கே தண்ணீர் சும்மா கிடக்கும். ஆனால் மணல் இளக்கமாக இருக்கும், கம்பால் குத்திப் பார்த்துக் கால் வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் ஏறும்போதே போட்டுக்கொள்ளுங்கள், முடிச்சு சரியாக இருக்கட்டும்.

இறங்கியதும் இரண்டு வேலை. படகு நிற்கும் இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், ஆள் உயர நாணலுக்குள் நுழைந்துவிட்டால் திசையே தெரியாது. அடுத்து, தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, படகுக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குச்சியின் அடி நனைய ஆரம்பித்தால் புள்ளிக்கு 20 மீட்டர் இருந்தாலும் சரி, திரும்பிவிடுங்கள்.

போன் டவர் சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் முதல்முறை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும், அதனால் கரையிலேயே போட்டுவிடுங்கள். வரைபடத்தை முந்தைய நாளே இறக்கி வைத்திருக்க வேண்டும், பவர் பேங்கும் தண்ணீர் புகாத பையும் அப்படித்தான்.

புள்ளிக்கு அருகில் வந்ததும் வேடிக்கை ஆரம்பிக்கும். ஐந்தாவது தசமம் என்பது ஒரு மீட்டர் சொச்சம், திறந்த வானத்தில்கூட போன் ஐந்து மீட்டர் அளவுக்கு ஏமாற்றும், ஆகவே கடைசி எண் நிற்கவே நிற்காது. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் சேர்த்துத் துரத்தினால் வட்டமடித்துக்கொண்டே இருப்பீர்கள். முதலில் வடக்கு தெற்காக நடந்து அட்சரேகையைப் பூஜ்யமாக்குங்கள், பிறகு அந்தக் கோட்டிலேயே கிழக்கு மேற்காக. திரையில் தசமத்துக்குப் பிறகு 00007 என்று இருக்கும், சில அடிகள் வைத்தால் 00003, இன்னும் சில அடிகள் வைத்தால் திடீரென்று 99998 ஆகிவிடும், பயந்து பின்னால் ஓடாதீர்கள், அது புள்ளியைத் தாண்டி இரண்டே மீட்டர்தான். இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, திரையை வேறொரு கேமராவால் ஏழெட்டுப் படம் எடுங்கள், ஒன்றிலாவது எல்லாம் பூஜ்யமாக விழும். முள்ளோ சேறோ தடுத்து நெருங்க முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, 100 மீட்டருக்குள் வந்திருந்தாலே இந்தப் படங்களைச் சேகரிப்பவர்கள் போய்வந்த கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நான்கு திசைக்கும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மணலும் நாணலும் தவிர ஒன்றும் இருக்காது, வீட்டில் காட்டினால் “இதுக்கா போனே?” என்பார்கள். தேதி, தண்ணீர் மட்டம், எந்தப் பக்கம் இறங்கினீர்கள் என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள், அடுத்த வெள்ளத்துக்கு அப்புறம் அந்தப் பக்கமே இல்லாமல் போகலாம்.