கமிஷன் மட்டுமே வருமானமாகும் ஆயுள் காப்பீட்டு முகவர் வேலை: கையெழுத்திடும் முன் ஆராய்வது எப்படி?

ஆயுள் காப்பீட்டை நேர்மையாக விற்று நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாதச் சம்பளம் ஏதுமின்றிக் கமிஷனை மட்டும் நம்பி இத்தொழிலுக்கு வருவோரில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் விலகிவிடுகிறார்கள் என்பது அத்துறையில் உள்ள அனைவரும் அறிந்த செய்தி. இருந்த சேமிப்பையும் கரைத்துவிட்டு, உறவினர்களிடம் மனக்கசப்பைச் சம்பாதித்து, சில வேளைகளில் நிறுவனத்துக்கே கடன்பட்டு அவர்கள் வெளியேறுவதைப் பார்க்கும்போது, சேரும் முன்பே யாரேனும் கணக்கை விளக்கியிருக்கலாமே என்ற வருத்தம் எழுகிறது. எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும், எந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் பெற வேண்டும் என்பதை இங்கே விரிவாகப் பார்ப்போம்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, உங்களை ஊழியராகச் சேர்க்கிறார்களா அல்லது முகவராக ஒப்பந்தம் செய்கிறார்களா என்பது. விளம்பரத்தில் 'வேலைவாய்ப்பு' என்று இருக்கும். நேர்முகத் தேர்வும் நடக்கும். ஆனால் கையெழுத்துக்கு நீட்டப்படும் ஒப்பந்தம் உங்களைச் சுயதொழில் செய்பவர் என்றே பெரும்பாலும் குறிப்பிடும். அப்படியானால் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவச் சலுகை போன்றவற்றை எதிர்பார்க்க இயலாது. உரிமத் தேர்வுக் கட்டணம், பயணச் செலவு, தொலைபேசிச் செலவு ஆகியவையும், வாடிக்கையாளர் விவரங்களை விலைக்கு வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவும் பல இடங்களில் முகவரின் தலையில்தான் விழும். உங்களைச் சேர்த்துக்கொள்ளும் மேலாளருக்கு உங்கள் விற்பனையிலிருந்து ஒரு பங்கு போவதும் வழக்கம். ஆகவே, "நான் விற்றால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? நான் விற்காவிட்டால் உங்களுக்கு என்ன இழப்பு?" என்று நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் "பெரிதாக ஒன்றுமில்லை" என்பதே உண்மையான பதில். வரிசையாக ஆள் சேர்ப்பதற்கு நிறுவனம் தயங்காததன் காரணமும் அதுவே.

அடுத்தது கமிஷன் அட்டவணை. ஆயுள் காப்பீட்டில் முதலாண்டுக் கமிஷன் பெரிதாகவும், பின்வரும் ஆண்டுகளுக்கான புதுப்பிப்புக் கமிஷன் மிகச் சிறிதாகவும் இருப்பது பொதுவான அமைப்பு. இதில் முன்பணம் என்ற ஏற்பாட்டைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு பாலிசியின் மாதப் பிரீமியம் 1,000 என்றும், முதலாண்டுக் கமிஷன் 50 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் பிரீமியம் ஒழுங்காகக் கட்டப்பட்டால் முகவருக்கு 6,000 கிடைக்கும். அதில் ஒன்பது மாதத்துக்கான 4,500-ஐ நிறுவனம் விற்றவுடனேயே கொடுத்துவிடுகிறது. வாங்கியவர் மூன்று மாதம் மட்டும் கட்டிவிட்டு நிறுத்தினால், முகவர் உண்மையில் ஈட்டியது 1,500 மட்டுமே. மீதி 3,000 திரும்பப் பிடிக்கப்படும். ஆண்டில் 20 பாலிசி விற்று, அவற்றில் ஆறு இப்படி ஒரே காலத்தில் நின்றுபோனால் பிடித்தம் 18,000. அந்த மாதத்தில் அலைந்து திரிந்து நான்கு புதிய பாலிசிகளை விற்றிருந்தாலும், அவற்றுக்கான முன்பணம் முழுவதும் அந்தப் பிடித்தத்துக்கே போய்விடும். கையில் வந்தபோது அது வருமானம் போலத் தோன்றினாலும், பாலிசி நிலைக்கும் வரை அது கடன்தான்.

இந்தப் பிடித்தத்தைச் சில நாடுகள் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2018-இல் தொடங்கிய சீர்திருத்தத்தின்படி, முதலாண்டுக்குள் பாலிசி ரத்தானால் தொடக்கக் கமிஷன் முழுவதையும், இரண்டாம் ஆண்டில் ரத்தானால் 60 விழுக்காட்டையும் திருப்பித் தர வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் இக்காலம் எவ்வளவு என்பதையும், வாடிக்கையாளர் இறந்தாலோ நிறுவனமே பாலிசியை ரத்து செய்தாலோ பிடித்தம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் விளக்கத்தை ஏற்க வேண்டாம்.

பயிற்சியின் தொடக்க நாட்களில் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதச் சொல்வார்கள். நூறு பெயர், இருநூறு பெயர் என்று இலக்கும் வைப்பார்கள். இவ்வேலையின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதல் சில மாதங்களில் வரும் விற்பனை பெரும்பாலும் அந்தத் தாளிலிருந்துதான் வரும். சித்தப்பா கையெழுத்திடுவது, "நம்ம பையன் முதன்முதலாகக் கேட்கிறான்" என்பதற்காக. அவருடைய வயதுக்கும் கடனுக்கும் எவ்வளவு காப்பீடு தேவை என்று அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சில மாதங்களில் பிரீமியம் சுமையாகி அவர் நிறுத்துகிறார். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு உங்கள் அழைப்பைத் தவிர்க்கிறார். நீங்களோ பிடித்தம் வருமே என்ற அச்சத்தில் மீண்டும் மீண்டும் அழைக்கிறீர்கள். அவர் கட்டிய பணம் போயிற்று, உங்கள் கமிஷனும் போயிற்று, இருவருக்கும் இடையே இருந்த இயல்பான பேச்சும் நின்றுபோயிற்று. பெயர்ப் பட்டியல் தீர்ந்த பிறகு புதியவர்களை நிறுவனம் எவ்வாறு அறிமுகப்படுத்தும் என்று கேளுங்கள். "அது உங்கள் திறமையைப் பொறுத்தது" என்ற பதில் மட்டும் வந்தால், உங்கள் உறவினர்களைத்தான் அவர்கள் சந்தையாகக் கருதுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

கமிஷன் பிரீமியத்தின் விகிதமாகக் கணக்கிடப்படுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குப் பாதுகாப்பு தரும் டேர்ம் பாலிசியே இளங்குடும்பம் ஒன்றுக்குப் பொருத்தமாக இருக்கலாம். ஆனால் முகவருக்கு அதில் கிடைப்பது சொற்பம். சேமிப்பும் கலந்த, பிரீமியம் அதிகமான பாலிசியை விற்றால் பல மடங்கு கிடைக்கும். வாடகை கொடுக்க வேண்டிய வாரத்தில் நல்ல மனிதரின் ஆலோசனை கூடத் திசைமாறக்கூடும் என்பதைச் சேரும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலக்கை எட்டுவதற்காக உங்கள் பெயரிலேயே பாலிசி எடுக்கச் சொல்வார்கள். அல்லது வாடிக்கையாளரின் முதல் பிரீமியத்தை நீங்களே கட்டிவிடலாம் என்று காதோடு சொல்வார்கள். இரண்டுக்கும் மறுத்துவிடுங்கள். பின்னது பல இடங்களில் சட்டப்படி குற்றம்; உரிமத்தையே இழக்க நேரிடும்.

இனி உங்கள் சொந்தக் கணக்கு. மேற்சொன்ன எடுத்துக்காட்டையே கொண்டால், ஆண்டுக்கு 3,60,000 வேண்டுமென்பவர் முழு ஆண்டும் நிலைக்கும் 60 பாலிசிகளை விற்க வேண்டும். ஐந்தில் ஒன்று நின்றுபோகும் என்று கொண்டால் 75 பாலிசிகள் தேவை. ஐந்து சந்திப்புக்கு ஒரு விற்பனை என்று தாராளமாகவே வைத்தாலும் 375 சந்திப்புகள், அதாவது விடுமுறையே இல்லாமல் நாளுக்கு ஒன்றுக்கும் மேல். செலவுகளை இன்னும் கழிக்கவில்லை. அடுத்த ஆண்டில் புதுப்பிப்புக் கமிஷன் 5 விழுக்காடு என்றால், அந்த 60 பாலிசிகளும் சேர்ந்து தருவது 36,000 மட்டுமே. பத்தில் மீதி ஒன்பது பங்கை மறுபடியும் அலைந்துதான் ஈட்ட வேண்டும். நிறுவனத்திடம் கமிஷன் விகிதத்தையும், விற்ற பாலிசிகளில் எத்தனை விழுக்காடு நின்றுபோகாமல் தொடர்கின்றன என்பதைக் காட்டும் நிலைப்பு விகிதத்தையும் கேட்டுப் பெற்று, இந்த எண்களுக்குப் பதிலாக அவற்றை இட்டுப் பாருங்கள். நிலைப்பு விகிதத்தை 13-ஆம் மாதம், 25-ஆம் மாதம், 61-ஆம் மாதம் என்று கணக்கிடுவது துறையில் வழக்கமானதே. ஆகவே இக்கேள்வி அவர்களுக்குப் புதிதாக இருக்காது. கடந்த ஆண்டு உங்களைப் போலச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மேடையேற்றிக் காட்டும் வெற்றியாளரைவிட, ஆறு மாதத்தில் விலகிய ஒருவரைத் தேடிப் பேசுவது பயன் தரும்.

விலகும்போது என்ன நடக்கும் என்பதையும் சேரும்போதே படிக்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றினால்தான் புதுப்பிப்புக் கமிஷனில் உரிமை கிடைக்கும். அதற்குள் விலகினால், நீங்கள் உருவாக்கிய வாடிக்கையாளர்களின் பிரீமியம் தொடர்ந்து வந்தாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. பிடித்தப் பாக்கியோ, விலகிய பின்னும் உங்களைத் தொடரும். பழைய வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது என்ற தடையும் இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சேர விரும்பினால், குறைந்தது ஓராண்டுக் குடும்பச் செலவைத் தனியே வைத்திருங்கள். முன்பணமாக வருவதில் பாதியைத் தனிக் கணக்கில் போட்டு, பிடித்தக் காலம் முடியும் வரை தொடாதீர்கள். ஏற்கெனவே சேர்ந்து விலக எண்ணுபவர்கள், பதவி விலகல் கடிதத்துக்கு முன்பே தங்கள் கமிஷன் கணக்கின் அறிக்கையை எழுத்தில் பெற்று, எந்தெந்தப் பாலிசிக்கு இன்னும் எத்தனை மாதம் பிடித்தம் வரக்கூடும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அத்துடன், உங்களை நம்பிக் கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும் இனி யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், அடுத்த பிரீமியம் எப்போது கட்ட வேண்டும் என்பதை நேரில் சொல்லிவிட்டு விலகுங்கள்.