ஷ்ரூஸ்பரியில் தகவல் மையத்துக்குக் கடைசியில் போகாதீர்கள்

இங்கிலாந்தின் பழைய சந்தை ஊர்களில் ஷ்ரூஸ்பரியை அவசரமாகப் பார்க்க முடியாது. செவர்ன் ஆறு லாடம் மாதிரி வளைந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஊர் நடுவே உள்ள சதுக்கத்தில், மியூசிக் ஹால் கட்டடத்துக்குள் அருங்காட்சியகமும் பயணிகள் தகவல் மையமும் சேர்ந்தே இருக்கின்றன.

பலர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் வாங்கத்தான் அங்கே நுழைகிறார்கள். முதலில் போயிருக்க வேண்டும். அதே சதுக்கத்தில் 1596-ல் கட்டிய பழைய சந்தை மண்டபம் நிற்கிறது. மாடியில் கம்பளித் துணி வியாபாரம், கீழே தானியம். கீழே ஒரு கல்தூணில் வரிசையாகத் துளைகள் இருக்கும். எத்தனை ஆட்டின் ரோமம் கைமாறியது என்று கணக்கு வைத்த இடம் அது. யாராவது சொல்லாவிட்டால் ஆணி அடித்த தழும்பு என்று நினைத்து நடந்துவிடுவோம். நான் அப்படித்தான் நடந்தேன்.

அடுத்த தவறு, "இங்கே என்ன பார்க்கலாம்?" என்று மொட்டையாகக் கேட்பது. எல்லாருக்கும் கொடுக்கிற துண்டுப்பிரசுரம்தான் கைக்கு வரும். "இரண்டு மணி நேரம் இருக்கிறது, கூட அம்மா இருக்கிறார், மேடு ஏற முடியாது" என்று சொல்லிப் பாருங்கள். வைல் காப் மாதிரி செங்குத்தான தெருக்கள் உள்ள ஊரில் இந்த ஒரு வரி வழியையே மாற்றிவிடும்.

போனை மட்டும் நம்பி இறங்குவதும் வேண்டாம். தெருவுக்குத் தெரு குறுக்கே ஓடும் சந்துகளை அங்கே 'ஷட்' என்கிறார்கள். நம் ஊர் முடுக்குதான். குரோப் லேனில் இரண்டு பக்க மரச்சட்ட வீடுகளும் தலைக்கு மேல் முட்டிக்கொள்ளப் பார்க்கும். காகித வரைபடம் ஒன்று வாங்கி, அதில் பேனாவால் வழியைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

இன்றைக்குக் காய்கறியும் சீஸும் விற்கும் சந்தை வேறு கட்டடம், உயரமான மணிக்கூண்டோடு 1965-ல் வந்தது. வாரம் முழுக்கத் திறந்திருக்காது, எந்தெந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டார்வின் 1809-ல் பிறந்த வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். உள்ளே போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு நடங்கள். அவர் படித்த பள்ளிக்கூடம் இப்போது நூலகம். வாசலிலேயே சிலையாக உட்கார்ந்திருக்கிறார்.

கூட்டம் இல்லாவிட்டால் ஊர்ப்பெயர் ஷ்ரூஸ்பரியா, ஷ்ரோஸ்பரியா என்றும் கேட்டு வையுங்கள். உள்ளூர்க்காரர்களே அதில் இரண்டு கட்சி.